வால் வந்தாச்சு

படத்தில் ஒரு சத்தம் கூடுதலாக இருந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மலைச் சைக்கிளில் மிதிக்காமல் இறக்கத்தில் இறங்கும்போது பின்சக்கரத்துக்குள்ளிருந்து டிக் டிக் டிக் என்று விடாமல் கொட்டுமே, அதுதான். சின்னவன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் அந்தத் துண்டை மறுபடி ஓட்டினான். முன்னால் நான்கு சைக்கிள்கள் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கின; அவற்றின் சத்தம் தூரத்துத் தூறல் போலக் கேட்டது. அவனுடைய சைக்கிளின் சத்தம் காலுக்குக் கீழேயே, கனமாக. அது இரண்டும் சரி. மூன்றாவதாக ஒன்று பின்னாலிருந்து வந்தது. டிக் டிக் டக். டிக் டிக் டக். உள்ளே ஒரு பல் உடைந்த சக்கரம்.

கேமரா அவன் ஹெல்மெட்டில் இருந்தது. அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அன்றைக்கு அவன்தான் வால்.

மலையில் சைக்கிள் ஓட்டும் அந்தக் கோஷ்டியில் வால் என்பது கேட்பதற்குக் கேலியாக இருந்தாலும் பெரிய பொறுப்பு. கடைசியாக வருகிற ஆள்தான் வால். அவன் சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். என்ன ஆனாலும் அவன் யாரையும் தாண்டக் கூடாது. முன்னால் போகிறவர் நின்றால் நிற்க வேண்டும், விழுந்தால் தூக்க வேண்டும், முடியவில்லை என்று உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் உட்கார வேண்டும். அடிவாரத்தில் யாரும் தலை எண்ணுவதில்லை. சிவப்புத் துணி வந்துவிட்டால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாராவது ஒருவர் "வால் வந்தாச்சு!" என்று கத்துவார். சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிடுவார்கள்.

எப்போதும் வால் மாமாதான். சின்னவனின் அக்கா வீட்டுக்காரர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பொறுமை. வீட்டுக்குத் திரும்பினாலும் வாசலில் நின்று "வால் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்த பிறகுதான் கதவைத் தள்ளுவார். "வாலை வெளியிலயே கழுவிட்டு உள்ள வாங்க, தரையெல்லாம் சேறு" என்று அக்கா உள்ளேயிருந்து கத்துவாள்.

அந்தப் பல் உடைந்த சக்கரமும் மாமாவுடையதுதான். "மாத்துங்க மாமா, மானம் போகுது" என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

"இருக்கட்டும் மச்சான். நான் பின்னாடிதான் இருக்கேன்னு உங்களுக்கெல்லாம் தெரிய வேணாமா?"

அந்த மாமாதான் இப்போது இல்லை.

போன் அடித்தது. அக்கா.

"முடிஞ்சுதாடா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா."

"சாயங்காலம் வர்றேன். வெட்டி ஒட்டி அழகு பண்ணணும்னு இல்ல. அவர் சிரிச்ச இடம் எங்கயாவது இருக்கும்ல, அதை மட்டும் காட்டு."

"ஒரே ஆட்டமா இருக்கும்க்கா. தலை சுத்தும்."

"எனக்கு இப்ப மட்டும் நிக்குதாக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "அவர்கிட்ட கடைசியா பேசினது நீதான். வேற யார்கிட்டடா நான் போய்க் கேப்பேன்?"

போனை வைத்தான். காது மடல் சுட்டது.

அன்றைக்கு உச்சியில் மாமாவுக்கு ஆசை காட்டியவன் அவன்தான். "இன்னைக்கு ஒரு நாள் நான் வாலா வர்றேன் மாமா. கேமரா கடைசியில இருந்தாத்தான் எல்லாரும் படத்துல விழுவாங்க. நீங்க இதுவரைக்கும் ஒரு படத்துலயும் இல்ல." மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார். தன் சீட்டிலிருந்து சிவப்புத் துணியை அவிழ்த்து அவன் சீட்டில் இரண்டு முடிச்சாகப் போட்டார். ஆபத்தென்றால் ஊத வால் மாட்டிக்கொள்ளும் விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றித் தர மறந்துவிட்டார்.

பாதி வழியில் மாமாவின் செயின் அறுந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையெல்லாம் கறுப்பாகக் கோத்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு வளைவு தள்ளி, கோஷ்டியில் எப்போதும் முதலில் போகிற பல் டாக்டர் பாறை மேலிருந்து தாவப்போகிறார். வெயில் சாய்ந்து பாறை முழுக்கத் தங்கம் பூசியதுபோல் இருக்கிறது. வருஷமெல்லாம் கடை திறப்பு விழாவும் கேக் வெட்டுவதும் எடுத்துப் பிழைக்கிற சின்னவனுக்கு அப்படி ஒரு வெளிச்சம் இன்னொரு தடவை எங்கே கிடைக்கும்?

"நீங்க மெதுவா வாங்க மாமா, நான் கீழ நிக்கிறேன்."

"டேய், நீதான் வால். என்னைத் தாண்டாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவனும் சிரித்துக்கொண்டேதான் தாண்டினான்.

தாவல் படத்தில் அற்புதமாக விழுந்தது. அடிவாரத்தில் அவன் கேமராவைக் கழற்றி, அதன் குட்டித் திரையில் அந்தத் தாவலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்புத் துணியைப் பார்த்து யாரோ "வால் வந்தாச்சு!" என்று கத்தினார்கள். டாக்டரின் வண்டி முதலில் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது உருண்டுவிடுவதால் பல்டி என்று பேர் வாங்கிய பெண்தான் கேட்டாள்: "மாமா எங்கப்பா?"

"டாக்டர் வண்டியில ஏறியிருப்பார்." தலை தூக்காமலே சொன்னான்.

"மேல ஏதோ விசில் சத்தம் மாதிரி இல்ல?"

அவனுக்கும் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"பறவை," என்றான்.

அந்த நொடியில் தனக்குத் தெரியுமா, தெரியாதா? இதை மட்டும் அவன் தன்னைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

இருட்டிய பிறகும் மாமா வரவில்லை. அக்கா வீட்டு வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். டாக்டர் அவனைப் பார்த்து, "நீதானேப்பா வால்?" என்றார். குற்றம் சொல்லக்கூட இல்லை, கேட்டார், அவ்வளவுதான். அத்தனை கண்ணும் அவன்மேல் திரும்பியது. "வண்டிப்பாதை வழியா சுத்தி வர்றேன்னு சொல்லிட்டு மாமா பிரிஞ்சு போயிட்டார்" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. தேடப் போனவர்கள் அந்தப் பேச்சை நம்பி பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வண்டிப்பாதை போகிற சரிவில் ராத்திரி முழுக்க டார்ச் அடித்துத் தேடினார்கள். மறுநாள் உச்சி வெயிலில்தான் இந்தப் பக்கம், ஒரு வளைவுக்குக் கீழே, மாமா கிடைத்தார். எட்டிப் பிடித்துவிடலாம் என்று வேகமாக வந்திருக்கிறார். விசில் பல்லுக்கு இடையிலேயே இருந்தது. "உயிர் போய் ரொம்ப நேரம் ஆகலைங்க" என்று தூக்கி வந்தவர்களில் ஒருவர் மெல்லச் சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

இப்போது படத்தை வெட்டியாக வேண்டும். உச்சியில் மாமா சிரிக்கிறார். அடுத்து நேராகப் பாறையும் தாவலும். நடுவில் குத்துக்காலிட்ட மாமா இருக்கவே கூடாது. அந்தத் துண்டை அழித்தான். ஓட்டிப் பார்த்தான்.

டிக் டிக் டக்.

ஒலியை முழுக்கக் குறைத்தான். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அறைக்குள் கேட்டது. மின்விசிறியாக இருக்கும் என்று அதை நிறுத்தினான். இறக்கைகள் ஓய்ந்து நின்றதும் சத்தமும் நின்றதுபோல் இருந்தது. ஆனால் ஈரச் சேறும் செயின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்து, திரைச்சீலை மூடிய அந்தச் சின்ன அறையில் தங்கிவிட்டது. வெளியே மாடிப்படி முடிகிற இடத்தில் அவன் சைக்கிள் அன்றைய சேறு காய்ந்தபடி சாய்ந்து நிற்கிறது. அவன் அதைத் தொடவில்லை. சிவப்புத் துணியை மட்டும் ஒருமுறை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு விடவில்லை.

மறுபடி ஓட்டினான். அழித்த துண்டு அதே இடத்தில் இருந்தது.

கை தவறியிருக்கும். மறுபடி அழித்தான். மறுபடி இருந்தது. முதல் தடவை மாமா செயினைப் பார்த்துக் குனிந்திருந்தார். இந்தத் தடவை பாதி நிமிர்ந்திருந்தார். அடுத்த தடவை ஹெல்மெட்டின் நிழலுக்குக் கீழே மூக்கு தெரிந்தது. அதற்கடுத்து கண்.

கதவு தட்டப்பட்டது.

"நான்தாண்டா. திற."

அக்கா வந்து நின்றாள். மூக்கைச் சுளித்தாள். "என்னடா இது, வீட்டுக்குள்ள சேத்து வாடை?" பிறகு அவள் முகம் மாறியது. அந்த வாடையை ஒருமுறை ஆழமாக இழுத்துக்கொண்டாள். "அவர் வந்து நின்ன மாதிரியே இருக்கு."

"இன்னும் முடியலைக்கா. நாளைக்கு..."

"போடு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். போட்டான்.

உச்சி. காற்று. மாமா சிரித்தார். அக்காவின் கை அவன் முழங்கையைப் பற்றியது. "பாரேன், வெக்கத்தை" என்றாள். குரல் உடைந்தது. அவன் இத்தோடு நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினான். "தொடாத," என்றாள்.

மரங்கள். வளைவு. குத்துக்காலிட்ட மாமா. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு.

"டேய், நீதான் வால். என்னைத் தாண்டாத."

முழங்கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

"வண்டிப்பாதையில வர்றேன்னாருன்னு சொன்னியே?"

அவன் கீபோர்டையே பார்த்தான். அவள் திரும்பிப் பார்த்திருந்தால், ஓங்கி ஒன்று வைத்திருந்தால் தேவலை. அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறை வரவில்லை. தாவல் வரவில்லை. திரையில் ஒரு முதுகு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நீலச் சட்டை. தோளில் பை. சீட்டுக்குப் பின்னால் சிவப்புத் துணி படபடத்தது.

"இது நீதானே?"

அவன்தான்.

"நீ முன்னாடி போற. அப்ப இதை யாருடா எடுக்கிறது?"

பதில் போல மூச்சு கேட்டது. கனத்த உடம்பின் மூச்சு. டிக் டிக் டக். சிவப்புத் துணி சின்னதாகிக்கொண்டே போயிற்று. சத்தம் வேகமாயிற்று. வளைவு. மரம். வானம். ஒரு முறிவு.

பிறகு புல். பக்கவாட்டில் சாய்ந்த புல். வெளிச்சம் குறைந்தது. விசில். நின்று, மறுபடி விசில். கீழே தூரத்தில் வண்டிகளின் கதவுகள் ஒவ்வொன்றாக அறைந்து மூடுகிற சத்தம்.

இருட்டு.

இருட்டில், எட்டாத தூரத்தில், பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் அலைந்தன. மேலே போயின. கீழே வந்தன. இந்தப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

"அந்த விளக்கெல்லாம் ஏண்டா அங்க போகுது?" அக்கா சின்னக் குழந்தை மாதிரிக் கேட்டாள். "இங்க வரச் சொல்லுடா. இங்கல்ல இருக்காரு."

விசில் மெலிந்தது. விளக்குகள் அணைந்தன.

திரையில் மாடிப்படி.

அக்கா ஏறி வந்த அதே படி. காய்ந்த சேற்றோடு அவன் சைக்கிள். ஒரு கறுத்த கை முடிச்சை அவிழ்த்தது. முதல் முடிச்சு. இரண்டாவது. கதவு. அறை. இரண்டு நாற்காலி. இரண்டு தலை. இரண்டு தலைக்கும் நடுவே ஒரு சின்னத் திரை ஒளிர்ந்தது.

டிக் டிக் டக். நின்றது.

வாடை பிடரியில் பட்டது.

அக்கா திரும்பினாள். அவனால் முடியவில்லை. திரையில் அவள் முகத்தைத்தான் பார்த்தான். கண் நிறைந்து, வாய் நிறைந்து, அத்தனை நாள் அழுத முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆகியிருந்தது.

"வால் வந்தாச்சா?" என்றாள்.

எழுந்தாள். திரையில் நடந்து வந்தாள், கேமராவுக்கு மிக அருகில். வாசலைத் தாண்டினாள். திரையில் அறை மெல்லப் பின்வாங்கியது. கதவு நிலை வந்தது. படி வந்தது.

எழுந்திரு. கால் வரவில்லை. சொல்லு. இப்போதாவது சொல்லு. நான்தான்க்கா தாண்டினேன், நான்தான் பொய் சொன்னேன், போகாதே. அவன் வாயைத் திறந்தான். பல்லுக்கிடையில் இரும்பு கசந்தது. மூச்சை முழுக்கத் தள்ளினான்.

விசில் சத்தம் வந்தது.

படியில் அக்காவின் காலடி நின்றது. "என்ன சத்தம்ங்க அது?" என்று யாரையோ கேட்டாள்.

பதில் அவனுக்குக் கேட்கவில்லை.

"ஓ, பறவையா," என்றாள்.

காலடிகள் இறங்கின. கூடவே டிக் டிக் டக். அவன் ஊதினான். இன்னும் ஊதினான். திரையில் அந்த அறை ஒரு வெளிச்சப் புள்ளியாகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. நடுவில் அசையாத ஒரு முதுகு. அந்த நாற்காலியின் பின்னால், இரண்டு முடிச்சாக, சிவப்புத் துணி.