நூற்று நாற்பதிலிருந்து ஒரு குரல்

மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் வரவேற்பறையில் பட்டாணி தனியாக உட்கார்ந்திருந்தாள். பத்து வயதாகியும் வீட்டில் வைத்த அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. அவள் அம்மா நெட்வொர்க் டெக்னீஷியன். ஒயர் சரிபார்க்க மொட்டைமாடிக்குப் போயிருந்தார்.

மேசையில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. எடுத்தாள். முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு பெண் குரல்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க யாரு?"

"யாராவது பேசுங்களேன்..."

"பேசிட்டுதானே இருக்கேன்."

"யாருமே இல்லையா?"

பட்டாணி இன்டர்காம் திரையைப் பார்த்தாள். வீட்டு எண் இல்லை. 192.168.1.140 என்ற நெட்வொர்க் முகவரி மட்டும் இருந்தது.

உள்ளே வந்த வாட்ச்மேன் மாமா அதைப் பார்த்ததும் குடையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது இன்னிக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை வந்துச்சும்மா. என்ன கேட்டாலும் பதில் வராது. வச்சிடு."

"தலை சுத்துது..." என்றது குரல்.

பட்டாணி ரிசீவரை வைக்கவில்லை. "பேய்க்குத் தலை சுத்துமா மாமா?"

அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கை அவள் யோசித்தாள். முகவரியின் கடைசி எண் 0 முதல் 255 வரை, ஆக மொத்தம் 256. எண்களைத் தெருத் தெருவாகப் பிரிப்பது சப்நெட் மாஸ்க் என்ற இன்னொரு எண். அதன் கடைசியில் 128 போட்டால் 256-உம் சரிபாதியாகப் பிரியும். 0 முதல் 127 வரை ஒரு பாதி. 128 முதல் 255 வரை இன்னொரு பாதி. முதல் பாதியை அம்மா இந்தக் கட்டடத்துக்குக் கொடுத்திருந்தார். மறுபாதி, யாரும் குடிவராத பின்கட்டடத்துக்கு.

"மாமா, 140 பின்கட்டடம்."

"அது பூட்டிக் கிடக்கே."

ஜன்னல் வழியே பார்த்தார்கள். ஐந்து மாடியிலும் வெளிச்சம் இல்லை. எந்த அறையென்று தேடுவது? அதைக் குரலிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இங்கே பேசுவது கேட்கவில்லை.

பட்டாணி அம்மாவைச் செல்போனில் கூப்பிட்டாள். "அம்மா, பின்கட்டடத்து இன்டர்காம்ல மாஸ்க் மாத்தியாச்சா?"

"இல்லடா. எண் மட்டும்தான் கொடுத்திருக்கேன். மாஸ்க் கடைசியில 0தான் இருக்கும். ஏன்?"

0 என்றால் பிரிவே கிடையாது. 256 எண்களும் ஒரே தெரு. அதனால் அந்தக் கருவி நேராக இங்கே பேசுகிறது. இந்த மேசைக் கருவியில் இருப்பதோ 128. அதன் கணக்கில் 140 வேறு தெரு. அதனால் பதிலை வேறு வழியில் அனுப்புகிறது. அந்த வழிதான் இன்னும் போடவே இல்லையே.

"அங்க யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்கம்மா. நாம பேசுறது அவங்களுக்குப் போகல. இந்த மேசையிலயும் 0 போட்டுடட்டுமா?"

"போடு. கடைசி எண்ணை மட்டும் மாத்து. நான் இறங்கி வரேன்."

128 என்பதை அழித்து 0 என்று பதித்தாள்.

"ஹலோ, இப்ப கேக்குதா?"

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். "கேக்குது கண்ணு. நான் பெயின்டர். பின்வாசல் வழியா வந்தேன். நாலாவது மாடி, கடைசி ரூம். கதவு மாட்டிக்கிச்சு. பெயின்ட் வாடை தாங்கல."

மாமா குடையைப் போட்டுவிட்டுச் சாவிக்கொத்தோடு ஓடினார். மூச்சு வாங்க இறங்கிவந்த அம்மாவும் பின்னாலேயே ஓடினார்.

"போயிடாத கண்ணு," என்றது குரல், மெலிந்து.

"போகல அக்கா. பேசிட்டே இருக்கேன்." என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் 256-ஐ இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிப்பதை விடாமல் சொன்னாள். நடுவே அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பட்டாணி நிறுத்தவில்லை. கடைசியில் கதவு உடையும் சத்தம் கேட்டது.

முகமெல்லாம் வெள்ளைப் பெயின்டோடு அந்த அக்கா வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"நீ சொன்ன கணக்கு ஒண்ணுமே புரியல. ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டுதான் முழிச்சிருந்தேன்."

"இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

அக்கா சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். "இப்ப காத்து நல்லா வருது. மெதுவா சொல்லு."