உள்ளே ஒரு பிடி

டாக்டர் கேள்வியை முடிப்பதற்குள் கணவன் பதில் சொன்னான். "காலையில சாப்பிடலைங்க, அதான் மயக்கம்." கேட்டது அவனை அல்ல, கட்டிலில் கிடந்த மனைவியை. அவள் உதடு பிரிந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

பகல் நேர அவசரப் பிரிவு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. திரைச்சீலைக்கு அப்பால் ஒரு குழந்தை வீறிட, தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட, மருந்து நெடியோடு வியர்வை வாடையும் கலந்து வந்தது. வந்ததிலிருந்தே அவள் மயங்குவதும் தெளிவதுமாக இருந்தாள். இரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, இ.சி.ஜி.யும் சரி. மேல்கையில் மட்டும் பழையதும் புதியதுமாகக் கன்றிப்போன நீலத் தடங்கள். டாக்டர் பார்த்தாள், நர்ஸும் பார்த்தாள்.

எக்கோ கருவியைக் கட்டிலோரம் இழுத்து, அதன் முனையில் குளிர்ந்த பசையைத் தடவி, மனைவியின் இடது மார்புக்குக் கீழே வைத்தாள் டாக்டர். சாம்பல் நிறத் திரையில் இதயம் துடித்தது. சுற்றிலும் நீர் கோக்கவில்லை. வால்வு சுருங்கவில்லை. வலது அறை வீங்கவில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டபோதுதான் இதயத்தின் ஓரத்தில் அந்தக் குழிகளைக் கண்டாள். ஒரு பக்கம் நான்கு, பிசைந்த மாவில் விரல் பதிந்தாற்போல. மறுபக்கம் ஒன்று, கட்டைவிரல் அகலத்தில்.

"அக்கா, இங்க கொஞ்சம் பாருங்க."

நர்ஸ் குனிந்தாள். "என்ன டாக்டர் இது... கை மாதிரி இருக்கு?"

கட்டில் கம்பியில் ஊன்றியிருந்த வலது கையைக் கணவன் மெல்ல மடக்கினான். திரையில் குழிகள் ஆழமாயின. இதயம் நசுங்கியது. மனைவியின் கண்கள் மேலே செருகின.

"கையைத் திற!" டாக்டர் கத்தினாள்.

"என் பொண்டாட்டி. நீ யாருடி கேக்க?"

நர்ஸ் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். அவன் முழங்கையால் அவள் முகத்தில் இடித்தான். மூக்கு உடைந்து, விரிப்பெல்லாம் ரத்தம் தெறிக்க, அவள் சுவரோடு சரிந்தாள். திரையில் துடிப்பு நின்றுபோயிருந்தது. டாக்டர் கருவியின் முனையைக் கட்டிலில் எறிந்துவிட்டு, மூலையிலிருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கினாள். கம்பிமேல் இருந்த முஷ்டியில் ஓங்கி அடித்தாள். மறுபடி. மறுபடி. எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் பல்லில் உறைத்தது. அவன் ஊளையிட்டபடி தரையில் விழுந்தான்.

டாக்டர் முனையை எடுத்து மீண்டும் மார்பில் வைத்தாள். குழிகள் இல்லை. இதயம் துடித்தது. மனைவி கண் திறந்தாள்.

"பயப்படாதம்மா. விட்டுடுச்சு."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். "இல்ல டாக்டர். வலிச்சா அவருக்குக் கோவம் இன்னும் அதிகமாகும்."

கீழே அவன் ஊளை நின்றது. கூழாகிப்போன கை தரையில் அசையாமல் கிடந்தது.

திரையில் ஒரு விரல் வந்தது. கோணலாக. உடைந்து. அதன் முனையில் எலும்புச் சிம்பு.

இன்னொன்று.

ஒவ்வொன்றாக மடங்கின. சிம்புகள் இதயத்துக்குள் இறங்கின. அதைச் சுற்றி ரத்தம் கருப்பாய் மெல்லப் பரவியது.