பார்லித் தண்ணீரில் வெள்ளைத் தூள்

“அதைக் குடிக்காதீங்க!”

சீதாதேவியின் அலறலில் இரத்தினபுரியின் அந்த நர்சிங் ஹோமே அதிர்ந்தது... அவள் கை வீசிய வேகத்தில், கணவன் வாயருகே போன கோப்பை தரையில் விழுந்து உருண்டது.

கட்டிலில் செல்லத்துரை. கஹவத்தை பஜாரில் தேயிலைக் கடை வைத்திருப்பவர். போன வாரம்தான் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் விட்டால்... ஆள் அவ்வளவுதான்!

கோப்பையை நீட்டியவன் சீதாதேவியின் கூடப்பிறந்த தம்பி கிருஷ்ணராஜ். அவன் அதில் எதையோ போட்டுக் கலக்கியதை அவள் வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

சிந்திய பார்லித் தண்ணீருக்கு அடியில் வெள்ளைத் தூள்!

“என்னடா கலந்த?”

“ஒன்னுமில்லக்கா... சீனி.”

“சீனி கரையாம கெடக்குமா?”

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். ஒரு மாத்திரை அட்டை வந்தது. திருப்பிப் பார்த்தாள்.

கணவனின் கொலஸ்ட்ரோல் மாத்திரை!

மாரடைப்பு வந்த நாள் முதல் அவர் விழுங்கி வருவது. ஒபரேஷனுக்குப் பிறகும் தொடர்ந்து கொடுக்கும்படி டாக்டர் அவளிடம்தான் சொல்லியிருந்தார். அவளோ ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தவள். வெட்டுப்பட்ட உடம்புக்குப் பத்தியம் காத்தே பழகியவள். கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை பச்சைத் தையலையும் கரைத்துவிடாதா? பயந்துபோய் வீட்டு அலமாரியில் ஒளித்துவைத்தாள். தம்பியிடம் மட்டும் அதைச் சொன்னாள். பாவி மகள், போயும் போயும் யாரிடம் சொன்னாள் பாருங்கள்!

அக்கா புருஷனின் கடையில் நல்ல தேயிலையோடு ஃபெக்டரிக் கழிவைக் கலந்து விற்றவன் கிருஷ்ணராஜ். செல்லத்துரை கண்டுபிடித்துவிட்டார். எழுந்து நடந்ததும் முதல் வேலை பொலிசுக்குப் போவதுதான் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவர் எழுந்து நடக்கக் கூடாது... அதற்குத்தான் இந்தத் தூள்!

ஓடப் பார்த்தவனின் சட்டைக் கொலரைக் காவலாளி கன்னையா கொத்தாகப் பிடித்தார். சத்தம் கேட்டு டாக்டர் புவாட்டும் வந்து சேர்ந்தார். கிருஷ்ணராஜ் எல்லாவற்றையும் கக்கினான். ஒரேயடியாகப் போட்டால் சந்தேகம் வருமென்று, தண்ணீர் குடிக்கவிட்ட நாளிலிருந்து அலமாரி மாத்திரையைத் தினம் ஒன்றாகக் கலந்து கொடுத்தானாம்.

“தையல் விட்டுப்போயிருக்கும்... தம்பிக்கிட்ட சொல்லி அத்தான நானே கொன்னுட்டேன் டாக்டர்.”

சீதாதேவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் கட்டிலருகே வந்தார். போர்வையை விலக்கினார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். நாடியைப் பிடித்தார்...

நிமிர்ந்தார்.

“தையல் நல்லா ஒட்டியிருக்கு. அந்த மாத்திரை தையலைக் கரைக்காது. காயம் ஆறுறதுக்கு உதவும்னுகூட சில டாக்டர்மார் சொல்றாங்க, அது இன்னும் முடிவாகல்ல. ஆனா மாரடைப்பு வந்தவருக்கு அதை நிப்பாட்டினா இதயத்துக்கு ஆபத்து. நான் எழுதினதும் ஒரு நாளைக்கு ஒன்னுதாம்மா.”

சீதாதேவிக்கு இப்போதுதான் புரிந்தது. கட்டிக் காத்தவள் ஆபத்தைத் தேடியிருக்கிறாள்... கொல்ல வந்தவன் நாள் தவறாமல் மருந்து கொடுத்திருக்கிறான்!

பொலிஸ் வந்தது. விலங்கோடு கிருஷ்ணராஜ் வாசலைத் தாண்டும்போது, கட்டிலிலிருந்து செல்லத்துரையின் மெலிந்த குரல் கேட்டது.

“மச்சான்... இன்னைக்கி மாத்திரைய குடுத்துட்டுப் போ. ஒங்கக்காவ நம்ப முடியாது.”