விரல் சத்தம்

ஒரு சுரம் அடங்கி அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், ஒன்றுமே இருக்கக்கூடாத அந்தச் சின்ன இடைவெளியில், ஈரமாக ஏதோ ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது.

றொசாந்தி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதே இடத்தைத் திரும்ப ஓடவிட்டாள். பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி தும்மென்று அதிர்ந்து, மெல்ல மெல்ல வயிற்றுக்குள் இறங்கி அடங்கியது. அதன் வாலில் அது மறுபடியும் வந்தது. அளவுக்கு மிஞ்சிக் கனிந்து கறுத்துப்போன மாம்பழத்தை உரிக்கும்போது, தோலும் சதையும் பிரிய மனமில்லாமல் எழுப்புமே, அந்தச் சத்தம். அவள் மேசையிலிருந்த தேநீரைத் தள்ளி வைத்தாள்.

உண்மையில் அந்த அறையில் கம்பியும் இல்லை, கிற்றாரும் இல்லை. உடுப்பிட்டியில் அவளுடைய வீட்டின் பின்னறை அது. வெளிச் சத்தம் வராமலிருக்க யன்னல்களை மெத்தைத் துண்டுகளால் அடைத்திருந்தாள். பட்டப்பகலிலும் விளக்கு எரியவேண்டும். மின்விசிறியின் இரைச்சல் ஆகாதென்று அதையும் நிறுத்தி, வேர்வையும் பழைய பஞ்சும் மணக்கிற அந்தப் புழுக்கத்துக்குள் இருந்துதான் குறும்படங்களுக்கும் தேவாலயப் பாடல்களுக்கும் இசை செய்து கொடுத்தாள். மேளம், வயலின், கிற்றார் எல்லாம் கணினிக்குள்ளேதான். கீபோர்ட்டில் விரலை வைத்தால் வேண்டியது ஒலிக்கும்.

மின் கிற்றாரை அப்படிச் செய்வது அவளுக்குப் பெரிய பாடாக இருந்ததில்லை. கரகரப்பைக் கூட்டிவிட்டால் அந்த இரைச்சலுக்குள் எல்லாப் பொய்யும் ஒளிந்துகொள்ளும். பேஸ் அப்படியில்லை. அது பாட்டின் அடியில் தனியாக, உடுப்பில்லாமல் நிற்கும். கடையில் வாங்கிய மென்பொருள்களின் பேஸ் எல்லாம் பிளாஸ்ரிக் வாளியில் தட்டுவதுபோல இருந்தது. அதனால்தான் போன வருடம் தொண்டைமானாற்றிலிருந்து பிரகலாதனைக் கூப்பிட்டாள். கலியாண வீடுகளில் இசைக்குழுவோடு பேஸ் வாசிக்கிறவர், ஐம்பது வயது தாண்டிய மனிதர். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு சுரக் கட்டையையும் மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை என்று அவரை வாசிக்கவைத்துப் பதிவு செய்து, அவற்றைக் கொண்டு தன்னுடைய சொந்த மென்பொருள் வாத்தியத்தைக் கட்டினாள்.

அந்தப் பதிவு நாட்களை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும். மாட்டுக் குளம்புபோல மஞ்சளாகத் தடித்த விரல் நுனிகள். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் அவர் அவற்றை நக்கிக்கொள்வார்.

"ஈரமில்லாட்டி நாதம் வராது, பிள்ளை," என்று சிரிப்பார்.

அவர் போனபின் கதிரையையும் மேசையையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். ஆனால் நாதம் வந்தது. விரல் கம்பியில் வழுக்குகிற ஓசை, நகம் இடறுகிற ஓசை, சதை கம்பியை விட்டு எழும்புகிற ஓசை எல்லாவற்றையும் தனியே பிரித்து, கூட்டவும் குறைக்கவும் திரையில் ஒரு குமிழ் வைத்தாள். அதற்கு 'விரல் சத்தம்' என்று பெயர். குமிழைப் பூச்சியத்தில் வைத்தால் வாத்தியம் பிணம். கூட்டக் கூட்ட உயிர் வரும். ஒருநாளைக்குப் பத்துத் தரம் கை கழுவுகிற றொசாந்திக்கு, உயிர் என்பது இவ்வளவு அழுக்கில் இருப்பது பிடிக்கவில்லை. ஆனாலும் பாவித்தாள். பிறகு பிரகலாதனைக் கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை.

இப்போது அந்தக் குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து பாட்டை ஓடவிட்டாள்.

தும். பிறகு, சளக்.

பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதிலும் அது இல்லை. அவரிடமிருந்து எடுத்த ஒவ்வொரு ஓசையும் அவளுக்குத் தன் வீட்டுப் படிகளைப்போலப் பழக்கம். இது அவள் எடுத்ததே அல்ல.

மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்த கணவன் ஜொனதனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"நல்லாக் கிடக்கு, றொசி. ஆளே பக்கத்திலை இருந்து வாசிக்கிற மாதிரி."

"அந்த ஈரச் சத்தம் கேக்கேல்லையோ?"

"கேக்குது. அதுதானே வடிவு."

அன்று சாப்பாட்டுக்கு நண்டுக் கறி. ஜொனதன் நண்டின் காலை உடைத்து வாயில் வைத்து உறிஞ்சியபோது, ஓட்டிலிருந்து சதை கழன்று வருகிற சத்தம் அவளுடைய காதுக்குள் நேரே போனது. எழும்பிப் போய், தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அது கூடிக்கொண்டே போனது. முதலில் தோல் உரிகிற சத்தம். பிறகு தோல் இல்லாத சத்தம்: கம்பியின் வரிகளுக்குள் கொழகொழவென்று ஏதோ புகுந்து, இழுபட்டு, நூலாக நீண்டு அறுவது. ஹெட்போனின் பஞ்சு காதில் ஈரமாக ஒட்டுவதுபோலத் தோன்றக் கழற்றிக் கழற்றித் துடைத்தாள். துணியில் ஒன்றும் வரவில்லை. மணம் மட்டும் இருந்தது. கட்டுப் பிரிக்காமல் விட்ட புண்ணின் மணம். சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் அது அவளுடைய காதுமடலில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து அருட்செல்வன் போன் எடுத்தான். அவளோடு சேர்ந்து வேலை செய்கிற இளம் இசையமைப்பாளன். வாத்தியத்தை அவனுக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தாள்.

"அக்கா, உங்கடை பேஸ் எண்டால் பேஸ் தான். வரவர உயிர் கூடுது. என்ன மாயம் செய்தனீங்கள்?"

"உம்மடை கொம்பியூட்டரிலையும் அப்பிடித்தானோ?"

"ஓம் அக்கா. நான் நினைச்சன் நீங்கள் ஏதோ புதுசாப் போட்டிருக்கிறியள் எண்டு."

அவள் புதிதாக ஒன்றும் போடவில்லை. அவனுடைய கணினிக்கும் அவளுடையதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிறகு ஒரு காலை, ஈரம் நின்றுவிட்டது.

அதற்காக நிம்மதிப்பட அவளுக்கு ஒரு நிமிடம்தான் கிடைத்தது. சுரம் மாறியிருந்தது. விரல் நுனியின் சதை கம்பியில் பட்டால் நாதம் வெதுவெதுப்பாக, வட்டமாக வரும். கடினமான எதுவும் பட்டால் கூர்மையாக, பளிச்சென்று வரும். இத்தனை வருடம் அந்த வெதுவெதுப்பைத் தேடியே பழகின காது அவளுடையது. இப்போது ஒவ்வொரு சுரமும் ஒரு சின்னச் சுள்ளென்ற தட்டோடு தொடங்கியது. நகமா? நகம் வேறு. நகத்துக்கு ஒரு வளைவு உண்டு, ஒரு துள்ளல் உண்டு. இது துள்ளவில்லை. இது வெறும் கடினம்.

மேல் ஒலியை வெட்டிக் குறைத்தாள். அம்ப்ளிஃபயர் மென்பொருளை மாற்றினாள். ஒலிபெருக்கியின் முன்னாலிருந்து மைக்கைத் தள்ளி வைப்பதுபோலக் கணினியில் தள்ளி வைத்தாள். நாதம் மங்கியது. தட்டு மங்கவில்லை.

அது எலும்பு.

அந்தச் சொல் மனதுக்குள் வந்ததும் வாத்தியத்தின் கோப்புகள் எல்லாவற்றையும் தெரிவு செய்து அழித்தாள். பிறகு பிரகலாதனுக்குப் போன் எடுத்தாள். எடுத்தது அவருடைய மனைவி தயாளினி.

"அவர் கதைக்க ஏலாமல் கிடக்கிறார், தங்கச்சி. கை சுகமில்லை."

"என்னக்கா கைக்கு?"

தயாளினியின் மூச்சுக்குப் பின்னால், தூரத்தில், யாரோ மரத்தில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வந்து பாருங்கோவன்," என்றாள் தயாளினி.

றொசாந்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. கடல்நீரேரியின் சேற்று மணமும் காயவைத்த மீனின் மணமும் அந்தக் குறுகிய ஒழுங்கை முழுக்கக் கிடந்தன. வீட்டு வாசலில் அவற்றுக்கு மேலால் இன்னொரு மணம். அவளுக்கு அது தெரியும். அவளுடைய காதுமடலின் மணம்.

தயாளினி வாசலில் நின்றாள். நித்திரை கொள்ளாத கண்கள்.

"ஆசுப்பத்திரியிலை சீனி வருத்தத்துக்கு மருந்து தந்தவை. நானும் கட்டித்தான் விடுறன். கட்டோடை தட்டுறார், தங்கச்சி. நித்திரையிலையும் தட்டுறார். கையைப் பிடிச்சால் கத்துறார்."

அறைக்குள் பிரகலாதன் கட்டிலில் படுத்திருந்தார். பாதி ஆளாக வற்றியிருந்தார். வலக்கை மட்டும் கட்டிலின் மரச்சட்டத்தில் கிடந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி, ஒழுங்காக, தாளம் பிசகாமல் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. சுற்றியிருந்த வெள்ளைத் துணி மஞ்சளாகி, கறுத்து, நுனியில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் ஈக்கள். தட்டும்போது எழும்பி, தட்டி முடிந்ததும் திரும்ப இருந்தன. சட்டத்தில் இரண்டு குழிகள். குழிகளுக்குள் ஈரம்.

றொசாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வேகமான தாளம் அவள் செய்த எந்தப் பாட்டிலும் இல்லை. ஆனால் அது ஒரு பாட்டு. நாலாவது தட்டில் சறுக்கி அடுத்த கம்பிக்கு ஏறுகிற கை அது.

அவர் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டார். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். களைப்புத்தான்.

"பிள்ளை," என்றார். "வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

அவள் முற்றத்துக்கு ஓடினாள். அருட்செல்வனுக்குப் போன் எடுத்தாள்.

"இப்ப என்ன செய்யிறீர், தம்பி?"

"ஒரு டான்ஸ் பாட்டு அக்கா. பேஸ் தான் ஓடிக்கொண்டிருக்கு. கேளுங்கோவன்."

போனுக்குள் அது ஓடியது. யன்னலுக்குள்ளும் அதுவே ஓடியது. ஒரே தட்டு. ஒரே சறுக்கல்.

"நிப்பாட்டும்."

"என்னக்கா?"

"நிப்பாட்டும்! உடனை!"

போன் அமைதியானது. யன்னலும் அமைதியானது. உள்ளேயிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர்போல, பிரகலாதன் நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

"அதை அழியும், தம்பி. இப்பவே. ஒண்டும் கேளாதையும்."

"அழிக்கலாம் அக்கா. ஆனால் நான் அழிச்சு என்ன? கேட்டவைக்கெல்லாம் குடுத்திட்டன். கொழும்பிலை பாவிக்கினம், லண்டனிலை, கனடாவிலை... அவை ஆர் ஆருக்குக் குடுத்தினமோ. நல்ல சாமான் எல்லோ, அக்கா."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

உள்ளே தட்டு தொடங்கியது.

இப்போது மெதுவாக. வேறு பாட்டு. வேறு யாரோ, எங்கேயோ ஓர் அறையில், கீபோர்ட்டில் விரலை வைத்திருக்கிறார்கள்.

றொசாந்தி அறை வாசல்வரை வந்து நின்றாள். தயாளினி கட்டிலின் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு கையால் ஈயை விரட்டியபடி, மறு கையால் அழுகிய துணியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடைசிச் சுற்று வரவில்லை. ஒட்டியிருந்தது. மெல்ல இழுத்தாள்.

சளக்.

சுட்டுவிரல் இல்லை. நடுமூட்டோடு தேய்ந்து, வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டிபோல ஒரு குட்டை. பக்கத்தில் நடுவிரலும் அப்படியே. துணியின் தடிப்பும் போனதால் இரண்டும் சட்டத்தை எட்டவில்லை. எட்டாமலே காற்றில் தட்டின. தட்டின. ஒரு தாளம் தவறியது. இன்னொன்று.

நின்றன.

அறைக்குள் ஈக்கள் மட்டும் இரைந்தன. பிரகலாதனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. முடிந்துவிட்டது என்று அவர் நம்பியிருக்கவேண்டும். தயாளினியும் நிமிர்ந்து றொசாந்தியைப் பார்த்தாள்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கலியாண மோதிரம் கிடந்த அடுத்த விரல், சதை குலையாமல் முழுசாக இருந்த விரல், மெல்ல நிமிர்ந்து, நீண்டு, சட்டத்தின் மேல் இறங்கி, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கியது.