நாலு பேருக்கு ஒரு அட்டை

விஜயபாண்டி எழுந்ததும் மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டுக் கத்தரித்தான். பால் பொங்குவதற்குள் பின்பக்கம் போய், பூந்தொட்டிகளுக்கு அடியில் வைத்திருந்த தட்டுகளைக் கவிழ்த்தான். பழைய டயர், கொட்டாங்குச்சி, துணி அலசும் வாளி... எதில் தண்ணீர் நின்றாலும் கொட்டினான். இரவெல்லாம் ஐப்பசி மழை. கொட்ட நிறைய இருந்தது.

பிறகு மகள் தன்யாவுக்குத் தோசை சுட்டான். தலை பின்னினான். பின்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா போடும் பின்னல் இப்படித்தான் இருக்கும் என்று இந்த ஒரு வருடத்தில் அவள் பழகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்த தெருவில் இருக்கும் அக்கா வீட்டில் அவளை விட்டான். திரும்பி வந்து கதவைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரை போனவன், மறுபடி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

அவன் போய்க்கொண்டிருந்தது போடியில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலுக்கு.

அந்த வாரம் ஒரு போன் வந்திருந்தது. தேனி ஜவுளிக்கடையில் போன தீபாவளிக்குத் துணி எடுத்தபோது அவன் மனைவி சுஜாதா ஒரு கூப்பனை எழுதிப் பெட்டியில் போட்டிருந்தாள். அது இப்போது குலுக்கலில் விழுந்துவிட்டதாம். கேரளாவில் இருக்கும் பெரிய தீம் பார்க்குக்கு நாலு பேருக்கு இலவச அனுமதி, மதியச் சாப்பாடும் சேர்த்து. ஒரே ஒரு நிபந்தனை. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து, கம்பெனியின் சுற்றுலாத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும். மேடம் இல்லாமல் வந்தால் அட்டை கிடையாது என்று அந்தப் பெண் குரல் மூன்று தடவை சொன்னது. சரி என்றான். சுஜாதா போன கார்த்திகையில் இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். பலபேரிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் அலுத்துவிட்டது.

அவனுக்கு அந்தக் குரலில் துளி நம்பிக்கை இல்லை. ஏலக்காய் கமிஷன் கடையில் தரம் பார்ப்பவன் அவன். சாக்கின் மேலாக இருக்கும் பச்சைக் காயைப் பார்த்து விலை சொல்ல மாட்டான். முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை எடுப்பான். சுஜாதா போன பிறகு மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தான்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் ஒன்று கேட்டிருந்தாள். பாப்பாவை அந்தப் பார்க்குக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள் என்று. அவன் ஒத்துக்கொண்டான். வைத்தியத்துக்கு வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. பஸ், டிக்கெட், ரூம், உள்ளே யானை விலை விற்கும் சாப்பாடு... கூட்டிப் பார்த்துக் கூட்டிப் பார்த்து, அடுத்த லீவு, அடுத்த லீவு என்று தள்ளிக்கொண்டே வந்தான். தன்யா இப்போது கேட்பதைக் கூட நிறுத்திவிட்டாள். அதுதான், தனியாக வந்தால் தர மாட்டார்கள் என்று தெரிந்தும், அவனை அந்த ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

வாசலில் ஒரு பெண் நின்று, பதிவு மேசையில் இருந்தவளோடு வாதாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்று சாதித்தாள். இந்தா வந்துவிடுவார் என்று தெருவைப் பார்த்துக் கை நீட்டினாள்.

நீட்டிய கைக்கு நேராக, சாவியைக் கையில் பிடித்தபடி, சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான் விஜயபாண்டி.

"இதோ, சார் வந்துட்டாரே," என்றாள் மேசைக்காரி.

அந்தப் பெண் திரும்பினாள். பெரிய கண்கள்... பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கண்கள். ஆனால் கெஞ்சவில்லை. சொல்வதானால் சொல்லிக்கொள் என்பது போல அவனையே பார்த்தன. இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்கியது. அது விழவும் இல்லை, அவள் துடைக்கவும் இல்லை.

மேசைக்காரி அவனிடம் போன் நம்பரைக் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "விஜயபாண்டி சார், சுஜாதா மேடம்... சரிதானே?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஏனோ தலை ஆடிவிட்டது.

படியேறும்போது, வாசல் குரோட்டன்ஸ் தொட்டியின் தட்டில் மழைத்தண்ணீர் நின்றது. குனிந்து அதைக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போனான். அவள் அதைப் பார்த்தாள்.

உள்ளே உட்கார்ந்ததும் அவள் கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, தனக்கு வீட்டுக்காரர் என்று யாரும் கிடையாது, கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் அட்டை என்றதால் ஆனதாகவே எழுதிக்கொடுத்துவிட்டதாக முணுமுணுத்தாள்.

"உங்க வீட்டுல உள்ளவுக ஏன் வரல?"

"வரல," என்றான்.

அவள் நாற்காலியை இன்னும் ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

இவள் யார்? அவன் மனம் சாக்கின் அடியில் கையை விட்டது. கூட்டம் சேர்க்கக் கம்பெனி வைத்திருக்கும் ஆளா? தனியாக வருபவனோடு ஒட்டிக்கொண்டு, ஆசை காட்டி, கையெழுத்துப் போட வைப்பதுதான் வேலையா? அழகாக இருப்பது வேறு... அந்தச் சந்தேகத்தைக் கூட்டியது.

டை கட்டிய ஒருவன் எதிரில் வந்து உட்கார்ந்து, குடும்பத்தை விசாரித்தான். அவள் தயங்காமல் பதில் சொன்னாள். அம்மா பெயர் அன்னக்கொடி, குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள். டிவி விளம்பரத்தில் அந்தப் பார்க்கின் அலைக்குளத்தைப் பார்த்ததிலிருந்து ஒரே பேச்சு. பிறந்ததிலிருந்து மலையிலேயே கிடக்கிறேன், ஒரு தடவையாவது அலைக்குள் நிற்க வேண்டும் என்று.

மாமியாரையும் கூட்டிப் போவீர்கள்தானே என்று டைக்காரன் கேட்டான்.

"கூட்டிட்டுப் போகாம?" என்றான் விஜயபாண்டி. சொன்ன பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டான். அதில் ஒரு சிரிப்பு இருந்தது.

சுஜாதா மேடம், சுஜாதா மேடம் என்று டைக்காரன் வாய்க்கு வாய் சொன்னான். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. ஒரு வருடமாக அந்தப் பெயருக்கு யாரும் நிமிர்ந்ததில்லை.

"மேடம் கடைசியா உங்ககிட்ட ஆசைப்பட்டுக் கேட்டது என்ன சார்?"

"பாப்பாவ ஒரு தடவ அந்தப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா."

டைக்காரன் அதைக் குறித்துக்கொண்டான். அவள் மட்டும் சட்டென்று திரும்பினாள். அந்தக் கண்களில் இப்போது அருவருப்பு மாதிரி ஏதோ ஒன்று...

அந்த நேரம் அடுத்த மேசையில் ஒருவர் எழுந்து, நாங்கள் திட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஹாலின் கோடியில் இன்னொரு கைதட்டல். அங்கே கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். பக்கத்தில் இருந்த மனைவி மட்டும் வேறு.

இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதட்டைக் கடித்தாள். அவன் சிரித்தேவிட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு... தொண்டையில் எங்கோ துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி.

அடுத்த நொடியே அந்தச் சிரிப்பை விழுங்கினான். ஒரு ஆளை வைத்தவன் இன்னொரு ஆளை வைக்க மாட்டானா?

ஆனாலும் அன்று கையெழுத்துப் போடாமல் இருவரையும் வெளியே கொண்டுவந்தவள் அவள்தான். மாமனாரிடம் கேட்க வேண்டும், சின்ன மாமனாரிடம் கேட்க வேண்டும், குலசாமியிடம் பூப்போட்டுப் பார்க்க வேண்டும் என்று அடுக்கினாள். டைக்காரன் சலித்துப்போய் அட்டையைக் கொடுத்தான். நாலு பேருக்கு ஒரே அட்டை. கணவன், மனைவி, குடும்பத்தில் இன்னும் இருவர். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

வெளியே மழை வலுத்திருந்தது. போர்ட்டிகோவில் நின்று அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உங்களுக்கு மகள், எனக்கு அம்மா, கணக்குச் சரியாக இருக்கிறதே என்றாள். சொல்லிவிட்டு, உங்கள் வீட்டம்மா ஒத்துக்கொண்டால், என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாள்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. இவள் இத்தனை நேரம் காத்திருந்தது இதற்குத்தான்.

"ஒரு ஆளப் பிடிச்சுக் குடுத்தா உங்களுக்கு எவ்வளவு தருவாங்க?"

அவள் அட்டையிலிருந்து நிமிர்ந்தாள். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"நானும் ஒன்னு கேக்குறேன். பொண்டாட்டி ஆசையாக் கேட்டதப் போய், ஊர் பேர் தெரியாத ஒருத்தியப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்றீகளே... அந்தச் சுஜாதாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. போன கார்த்திகையில செத்துட்டா. டெங்கு."

பஸ் போய்விட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னான். அவள் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றுபோனது. கண்கள் மெல்ல நகர்ந்து, குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்த தட்டுக்குப் போயின. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றன.

அட்டையை அவன் கையில் வைத்தாள். மழையில் இறங்கி, குரங்கணி ஜீப்பை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் பெயரே தனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

அட்டையும் மோசடியாகத்தான் இருக்கும் என்று பார்க்குக்கே போன் போட்டுக் கேட்டான். இல்லை, அசல்தான் என்றார்கள். கணவன் மனைவி என்பதற்கு ஏதாவது ஒரு அத்தாட்சி மட்டும் காட்ட வேண்டுமாம். போனை வைத்தான். அவன் சந்தேகப்பட்ட இரண்டில் ஒன்று பொய்த்துவிட்டது. மற்றதும் பொய்யாக இருந்தால்... என்ற நினைப்பு அவனைத் தூங்கவிடவில்லை. யார் மீதாவது வைத்த சந்தேகம் தவறாக வேண்டும் என்று அவன் விரும்பியது அதுவே முதல் தடவை.

இரண்டு ஞாயிறு வீம்பாக இருந்தான். மூன்றாவது ஞாயிறு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனான். தெரிந்தது ஒரு பெயர்தான். அன்னக்கொடி. டிரைவர் மொக்கச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அம்மாவிடம் உனக்கு என்ன சோலி, சீட்டுக் கம்பெனியா, எதையாவது விற்க வந்தவனா என்று வழி நெடுக விசாரித்தார். தீம் பார்க் விஷயம் என்றதும் இன்னும் சந்தேகமாகப் பார்த்தார். ஆனாலும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

மேகம் இறங்கி, காபிச் செடிகள் பாதி மறைந்திருந்தன. ஓட்டு வீட்டின் முன்னால் வரிசையாகப் பெயிண்ட் டப்பாக்கள், ஒரு உடைந்த குடம், இரண்டு கொட்டாங்குச்சி. மழைக்காலத்தில் மலை வீட்டில் தண்ணீர் பிடிக்க வைப்பவை.

எல்லாம் கவிழ்ந்திருந்தன.

அவன் ஜீப் இறங்கிய இடத்திலேயே நின்றான். ஒரு வருடமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, நெஞ்சுக்குள் மெல்ல... மிக மெல்ல இளகியது.

அன்னக்கொடி வெளியே வந்தாள். இவன் பெயரைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீதானா அந்த ரெண்டு மணி நேரத்து மருமகன்? வா அப்பு. எம்மகளுக்கு என்ன மருந்து வச்ச? போடி போய்ட்டு வந்ததுலருந்து ஒரு சிரட்டையில தண்ணி நிக்க விட மாட்டேங்கா. கோழிக்கு வச்ச சட்டியக்கூடக் கவுத்துப்புட்டா."

மகள் கீழே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருப்பதாகச் சொன்னாள். அவன் இறங்கிப் போனான். உலர்ந்த காயின் சூடான வாசனை பாதை வரைக்கும் வந்தது. வாசலில் காய் புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அதே கண்கள். அவற்றில் மறுபடி சந்தேகம்... ஆனால் இந்தத் தடவை அது அவன் மீது இல்லை, தன் மீதேதான் போலிருந்தது.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். அன்று கேட்டது தப்பு என்றான். ஒத்திகை பார்த்து வந்தது அவ்வளவுதான். மற்றது தானாக வந்தது.

"அந்தப் பேரச் சொல்லி உங்களக் கூப்பிட்டப்ப எனக்கு வலிச்சிருக்கணும். வலிக்கல. பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு இருந்துச்சு... அந்தப் பயத்துலதான் அப்படிக் கேட்டேன். இப்பவும் யாராவது இருக்கணும்னு இருக்கு. யாரோ இல்ல. நீங்க."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை சடசடத்தது. அவள் நெடுநேரம் தன் விரல்களில் ஒட்டியிருந்த ஏலக்காய்த் தூசியையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேர நான் ஒருநாள் இரவல் வாங்குனேன். அது அவுகளோடது. எம் பேரு பானுப்பிரியா."

பானுப்பிரியா... அவன் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான்.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான். பார்க்கில் அத்தாட்சி கேட்பார்கள், பொய் சொல்லிப் போக முடியாது என்றான். பரவாயில்லை, கடனோடு கடனாக நாலு டிக்கெட்டும் நானே எடுக்கிறேன், வருகிற லீவில் உங்கள் அம்மாவை அலைக்குள் நிறுத்திவிடலாம் என்றான்.

அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள். காலியாக இருந்த பெயர் இடத்தில் கட்டை விரலை வைத்து ஒரு தடவை தடவினாள். பின்பக்கம் திருப்பினாள். தேதியைத் தேடுவது போல் இருந்தது. தேடியது தேதியைத்தானா, அவனைப் பார்க்காமல் இருக்க ஒரு சாக்கையா... தெரியவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"எதுக்குங்க காசக் கரியாக்கணும்... இந்த அட்டை தை மாசம் வரைக்கும் செல்லும்ல?"