மாடி விளக்கு: மறுக்கப்பட்டது

மூன்றாவது படம் பாதியில் இருக்கும்போது திரையில் அதிர்வுக் கோடு ஒரு தடவை துள்ளியது. அதற்கு முன்னும் பின்னும் கோடு தூங்குகிறவர் மூச்சு மாதிரி சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். ஏழு நாற்பது. மொட்டை மாடியில் ஆளில்லை. மாடிக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது, தண்ணீர் குடிக்கப் போனபோது பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே கொடியில் கிடந்த துணி ஒன்றுகூட அசையவில்லை.

டெலஸ்கோப்பையும் அதன் கேமராவையும் அறைக்குள் உட்கார்ந்தபடியே இயக்கும் மென்பொருள் அது. பாதிக்கு மேல் அவன் கை எழுதியது. திங்கட்கிழமை புதிய பதிப்பு வெளியே போக வேண்டும். ஆபீஸ் டெலஸ்கோப் ரிப்பேரில் கிடந்ததால் மேனேஜர் ஃபோனில், "உங்க வீட்டு மாடியிலதான் ஒண்ணு சும்மா கிடக்கே" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று அப்புறம் உறைத்து, "சாரி, நான் யோசிக்காம..." என்று இழுத்தார். பரவாயில்லை சார் என்றான். என்ன பரவாயில்லை? பத்து மாதமாக அவன் மாடிப் படியில் கால் வைக்கவில்லை. மத்தியானம் மெக்கானிக் ஒருவர் வந்து, அதிர்வை உணரும் கருவியோடு புதிய தாங்கியைப் பூட்டிக் கொடுத்துவிட்டு, "மூடியக் கழட்டல சார். முதல்ல இருட்டுப் படம் எடுப்பீங்கல்ல?" என்று சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

இருட்டுப் படம் என்பது டெலஸ்கோப்பை மூடி போட்டு அடைத்துவிட்டு எடுப்பது. கேமராவே தன் பங்குக்குப் படத்தில் புள்ளிகளைத் தெளித்துவைக்கும். எது நட்சத்திரம், எது கேமராவின் குப்பை என்று பிரித்தெடுக்க, ஒன்றுமே தெரியாத படங்கள் பத்துப் பன்னிரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் கறுப்பை எடுத்து, கறுப்பைச் சேமித்து, மறுபடியும் கறுப்பு. எரிச்சல் பிடித்த வேலை, ஆனால் ஒழுங்காகச் செய்யாவிட்டால் அதற்கு அப்புறம் எடுக்கும் எல்லாமே பாழ்.

நான்காவது படம் தொடங்கியது. முந்நூறு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று எண் இறங்கியது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம், குழாய் நீர் தொட்டியில் விழும் சத்தம், அடுப்பில் எதுவோ அடிப்பிடித்து, அணைத்த பின்னும் போகாத வாசனை. இந்த எல்லாவற்றுக்கும் மேலே, கூரையின் மறுபக்கத்தில், யாரோ செருப்பில்லாமல் நடக்கிற மாதிரி மெத்தென்று ஒரு சத்தம் கேட்டதா இல்லையா என்று அவன் தலையை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே கோடு மறுபடி துள்ளியது. சின்னதாக இரண்டு. அடுத்து பெரிதாக ஒன்று. இடைவெளி. சின்னதாக இரண்டு. பெரிதாக ஒன்று.

இரண்டு எட்டு, ஒரு தாவல்.

அந்த நடை அவனுக்குத் தெரியும். "நேரா நடக்கவே தெரியாதா உனக்கு?" என்று அவன் எத்தனை முறை கேட்டிருப்பான். "நடந்தா லேட்டாகும்பா" என்று எட்டு வயசுப் பெரிய மனுஷி பதில் சொல்லிவிட்டு அடுத்த தாவலைப் போடுவாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புதிய கருவி, அளவு சரிசெய்யாதது, ஏதாவது காட்டத்தான் செய்யும் என்று சோதனைக் குறிப்பில் ஒரு வரி எழுதினான். அப்போது திரையின் அடியில், நிகழ்வுப் பட்டியலில், புதிதாக ஒரு வரி வந்தது.

மாடி விளக்கு: கோரிக்கை மறுக்கப்பட்டது. காரணம்: படம் எடுக்கப்படுகிறது.

அந்த வரி வர முடியாது. அதை அனுப்பும் பகுதியையே புதிய பதிப்பிலிருந்து அவன் அழித்துவிட்டான்.

பழைய பதிப்பில் அது இருந்தது. படம் எடுக்கும்போது வீட்டில் யாராவது மாடி விளக்கைப் போட்டுவிடுவார்கள், ஐந்து நிமிட உழைப்பு ஒரு நொடியில் வெளுத்துப்போகும். அதனால் படிக்கட்டின் மேல்முனையில் இருந்த ஸ்விட்சை மென்பொருளோடு இணைத்து, படம் முடியும்வரை விளக்கு எரியாதபடி பூட்டு வைத்தான். ஆபீஸில் எல்லாரும் கைதட்டினார்கள். அவன் மறந்தது ஒன்றே ஒன்று. மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படத்துக்கு எந்த விளக்கு எரிந்தாலும் ஒன்றும் ஆகாது, அப்போது பூட்டத் தேவையே இல்லை. அதை அவன் எழுதவில்லை.

பத்து மாதத்துக்கு முன்னால், இதே நேரம், இதே நாற்காலியில், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அவன் இருட்டுப் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தான். அறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் மாடியில் இருப்பதாக நினைத்து மனைவி, "அப்பாவ சாப்பிடக் கூப்பிட்டு வா பாப்பா" என்று மகளை அனுப்பினாள். மகள் அப்போது நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்திருந்தது, வலது கையைச் சாப்பிட்டுவிட்டுப் பூசலாம் என்று எழுந்து போனாள். மேலே ஸ்விட்சை அழுத்தினாள். எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி. மூன்று வரிகள், நொடிக்கணக்கோடு, பட்டியலில் இருந்தன. பிறகு இருட்டுக்குள் அப்பாவைத் தேடி நடந்திருக்கிறாள். கிழக்குப் பக்கச் சுவர் அவளுடைய முழங்காலுக்குத்தான் வரும்.

கறுப்புப் படம் எடுப்பதற்காக.

அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததுகூட இல்லை, அதைவிடக் கேவலம். வீடு முழுக்க ஆள் கூடி அழுதுகொண்டிருந்தபோது மேலே போய், ஸ்டூல் போட்டு ஏறி, நல்ல பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபியூஸ் போன பல்பு ஒன்றை மாட்டிவிட்டு வந்தான். பல்பு போயிருந்தது என்று எல்லாரிடமும் சொன்னான். மனைவி அதைக் கேட்டு, "ரெண்டு நாளா மினுக்கிச்சு. நாளைக்கு மாத்தலாம்னு நான்தான் விட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நீ இல்லை, நான் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் பல்பு வாங்கிக் குவிக்கிறாள். நன்றாக எரிகிற பல்பையும் மாதம் ஒருமுறை கழற்றிவிட்டுப் புதிது மாட்டுகிறாள். அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனை எதில் சேர்ப்பது?

மாடி விளக்கு: கோரிக்கை மறுக்கப்பட்டது.

மாடி விளக்கு: கோரிக்கை மறுக்கப்பட்டது.

மூன்று.

"ஏங்க."

மனைவி அறை வாசலில் நின்றாள். ஒரு கையில் ஃபோன், மறு கையில் பல்பு அட்டைப்பெட்டி. எப்போதோ அவளுடைய ஃபோனையும் இந்த மென்பொருளில் அவன் பதிந்து வைத்திருந்தான். புதிய பதிப்பு எல்லா ஃபோனுக்கும், பழைய பட்டியலையும் சேர்த்து, செய்தி அனுப்பும். அதுவும் அவன் சேர்த்ததுதான்.

"மாடி லைட்டுன்னு என்னமோ வருது. பல்பு போயிடுச்சு போல. போய் மாத்திட்டு வந்துடறேன்."

"வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்குன்னுதானே அன்னிக்கும் விட்டேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். சாவிக்கொத்து கூடத்தைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். படத்தை நிறுத்தினால் பூட்டு விடும், விளக்கு எரியும், அவள் வெளிச்சத்தில் நடப்பாள். அதை முதலில் செய்வோம் என்று திரும்பி நிறுத்து பொத்தானை அழுத்தினான். படம் முடியும்வரை காத்திருக்கவும் என்றது. மறுபடி அழுத்தினான். காத்திருக்கவும். கணினியின் பின்னால் கைவிட்டு மாடிக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினான்.

நூற்று முப்பது. நூற்று இருபத்தொன்பது. எண் இறங்கிக்கொண்டே இருந்தது.

கோட்டில் இப்போது இரண்டு நடை. ஒன்று கனமானது, இருட்டில் கால் துழாவிப் போடுகிற நடை. அதன் பக்கத்திலேயே மற்றது. இரண்டு எட்டு, ஒரு தாவல். ஸ்டூல் இழுபடும் நீளமான அதிர்வு. எல்லாம் கிழக்குப் பக்கம் போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விளக்கு அங்கேதான் இருக்கிறது. டெலஸ்கோப்பை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்று சுவரோரம் அதை வைத்தவனே அவன்தான்.

ஓடினான். பத்து மாதம் தொடாத படிகள். பதினெட்டு. முட்டியில் அடி. கதவு திறந்திருந்தது. மேலே நகச்சாயத்தின் காரமான வாசனை, குப்பியை இப்போதுதான் திறந்த மாதிரி. ஸ்விட்சை அழுத்தினான்.

எரியவில்லை.

இருட்டின் மறுகோடியில் அவளுடைய ஃபோன் மினுங்கியது. அந்த வெளிச்சத்தில் முகம் மட்டும் முதலில் தெரிந்தது, பிறகு மாட்டி முடித்த பல்பைப் பிடித்திருக்கும் கை. சுவரை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் நின்றிருந்தாள். சுவர் அவள் பாதத்துக்கும் கீழே இருந்தது.

"இறங்கு," என்றான். "தயவுசெஞ்சு இறங்கு."

"பயப்படாதீங்க. ஸ்டூல பிடிச்சுட்டிருக்கா."

பல்பு மாட்ட அம்மா ஏறும்போதெல்லாம் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது பாப்பாவின் வேலை. வேறு யாரையும் விடமாட்டாள்.

மனைவி ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தாள். "கோரிக்கை மறுக்கப்பட்டது. காரணம், படம் எடுக்கப்படுகிறது." நிமிர்ந்தாள். "அப்படின்னா என்னங்க? இதே மாதிரி அன்னிக்கும் மூணு வந்ததுன்னு கீழ தேதி போட்டிருக்கு. அன்னிக்கு பல்புதானே போச்சு?"

ஃபோன் வெளிச்சம் சாய்ந்து ஸ்டூலின் மேல் விழுந்தது. இரண்டு சின்னக் கைகள் ஸ்டூலின் கால்களை இறுகப் பிடித்திருந்தன. இடது கையில் ஐந்து நகமும் சிவப்பு. வலது கை வெறுமையாக இருந்தது. அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான், ஆனால் அந்த இருட்டு அவன் பக்கம் திரும்பி, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருந்தது.

சொல்லத்தான் வாயைத் திறந்தான். கடவுளே, சொல்லத்தான் திறந்தான். பத்து மாதப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஆமா," என்றது அவன் குரல். "பல்புதான்."

சாயம் பூசிய கை ஸ்டூலை விட்டது.

ஸ்டூல் சுவர்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, ஒற்றைக் கையின் பிடியில் நின்றது. அவன் ஓர் எட்டு முன்னால் வைத்தான். வெறும் கையின் சுண்டு விரல் மெதுவாகப் பிரிந்தது. வைத்த காலை அப்படியே நிறுத்தினான்.

மனைவி இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பல்பை ஒரு கையால் பிடித்தபடி.

"நிஜமாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டாள்.