விடுவித்த இடத்தில் ஒரு பெயர்

திரையில் சக்கரபாணியின் பெயர் இருக்க வேண்டிய வரிசையில் வேறொரு பெயர் இருந்தது.

பிழைதான். அந்தப் பிழையைப் பிடிக்கத்தான், அன்று மாலை மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றும் பாராமல், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்திருந்தார். வைத்திக்குப்பத்தை ஒட்டிய பழைய கிடங்கு அது. பிரெஞ்சுக்காரன் கட்டிய சுண்ணாம்புச் சுவர்கள்; குளிர் வெளியே போகாமலிருக்க ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினால் பகலா இரவா தெரியாது. ஏசியின் இரைச்சலும், அதற்கு அடியில் டிஸ்க் சுழலும் ஒரு மெல்லிய ஊளையும், வெறுங்காலுக்குக் கீழே ஈரம் போல ஏறும் தரையின் குளிரும்தான் அங்கே இருப்பவை.

"யாரு சார் அது, சுலோசனா?" என்றான் முருகையன், தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து. அவரோடு பத்து வருடமாக வேலை செய்கிறவன். "அண்ணிக்குத் தெரியுமா? இல்ல, நான் போயி சொல்லட்டுமா?"

"சும்மா ஒரு பேரு. வேலையைப் பாருய்யா."

"நல்ல பேராத்தான் புடிச்சிருக்கீங்க. மெமரி பூரா அந்தப் பேருதான் ஓடுது."

அப்படித்தான் ஓட வேண்டும். சேதராப்பட்டில் கம்பெனி செய்த அந்த மெஷினுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிய குழுவுக்கு சக்கரபாணி தலைவர். மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கேட்கிற வேலைக்குக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் வாங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பதும் அதன் உட்கருவான கெர்னலின் பொறுப்பு. எங்கேயோ அது தவறிக்கொண்டிருந்தது. ஆள் இருக்கும் பக்கத்தையே காலி என்று விடுவித்து, அங்கே இன்னொருவரைக் குடிவைத்தது. ஒரே இடத்தில் இரண்டு பேர் எழுதினால் மெஷின் எத்தனை நேரம் தாங்கும்? தினமும் செத்துக்கொண்டிருந்தது. நாளை டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். ஓடும் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்.

அதனால் ஒரு வழி செய்தார். விடுவித்த பக்கங்களை வெறுமையாக விடாமல் ஒரு பெயரால் நிரப்பி வைத்தார். உயிரோடு ஓடும் வேலைக்குள் அந்தப் பெயர் தென்பட்டால், தவறு அங்கே என்று அர்த்தம். அதற்கு வேறு எங்கும் வரவே வராத பெயராக இருக்க வேண்டும். அப்படி நிச்சயமாகச் சொல்லக்கூடிய பெயர் அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அவருடைய தங்கையின் பெயர். வைத்திக்குப்பத்துப் படகுக்காரன் காத்தவராயனோடு அவள் போன அன்று, தம்பிகளை வரிசையாக நிற்க வைத்துத் தலைமுழுகச் செய்தார். போட்டோக்களில் அவளை வெட்டி எடுத்தார். முத்தியால்பேட்டை வீட்டில் அதன் பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. மகள் ஆதிலட்சுமிக்கு அத்தை ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது. காலையில் கடலோரம் நடக்கும்போதுகூட அவர் குப்பத்தின் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். அவள் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று கேட்டதில்லை. அதைத் தப்பென்று அவர் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்க அவ்வளவு செலவாகும்.

முருகையன் கைக்கடிகாரத்தைத் தட்டினான். "நான் முன்னாடி போறேன் சார். ஷாமியானாக்காரன் வந்தானான்னு பாக்கணும். நீங்க நாலு மணிக்குள்ள வந்துடுங்க. தட்டு மாத்துறப்ப பொண்ணோட அப்பன் மெஷின்கிட்ட உக்காந்துகினு இருந்தாருன்னா, சம்பந்தி வீட்டுல என்னா நெனைப்பாங்க?"

"தட்டை நான்தான் கொடுப்பேன். என் இடத்துல வேற எவனும் உட்கார முடியாது. போ, வந்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. இரைச்சல் ஒரு படி கூடியது போலிருந்தது.

அவர் தவறைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும். அது பூஜ்யமானால்தான் விடுவிக்க வேண்டும். ஓரிடத்தில் எண்ணிக்கையைப் பார்க்காமலேயே விடுவித்துக்கொண்டிருந்தது. திருத்தினார். மெஷினை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். பச்சை எழுத்துகள் ஒழுங்காக இறங்கின. நாற்காலியில் சாய்ந்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, மெஷினில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார்.

அவருடைய வரிசையில் சுலோசனா.

அப்போதுதான் அந்த வாசனை எட்டியது. முதலில் கருவாடு என்று நினைத்தார், குப்பம் பக்கத்தில்தானே. ஆனால் செங்கல் வைத்து அடைத்த அறைக்குள் அது எப்படி வரும்? அதுவும் கருவாடு மட்டுமல்ல. உலராத கூந்தலை முடிந்து வைத்தால் எழும் புழுக்கமும் கடல் உப்பும் கலந்து, ஏசிக் காற்றில் ஏறி, முகத்தில் பட்டுப் பட்டு விலகியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்புவது மரியாதைக்குறைவு என்பது போலக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார். விடுவிக்கப்பட்ட பக்கம்தான். ஆனால் பிடித்திருப்பவர் எண்ணிக்கை பூஜ்யம் இல்லை. ஒன்று. ஒரே ஒருவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். மெஷின் ஒரு எண்ணைக் காட்டியது.

அது மெஷினில் அவருக்கென்று இருந்த எண்.

வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து போயிருப்பார்கள். சக்கரபாணியால் முடியவில்லை. அந்தப் பெயரைத் தான் பிடித்துக்கொண்டிருப்பதாக ஒரு இயந்திரம் சொல்வதை அவரால் அப்படியே விட்டுவிட்டுப் போய் மகளின் தட்டைத் தூக்க முடியாது. பிடித்திருப்பவனையே நீக்கும் கட்டளையை அடித்தார். நிச்சயமா என்று மெஷின் கேட்டது. ஆம் என்றார்.

பெயர் போய்விட்டது. வரிசையே போய்விட்டது. பட்டியல் சுத்தமாக இருந்தது. ஏசிக் காற்றில் ஒரு வாசனையும் இல்லை.

"அவ்வளவுதான்" என்றார் வாய்விட்டு. தன் குரல் தன் காதிலேயே விழாத பழியை இரைச்சலின் மேல் போட்டார். எழுந்து போய்க் கதவைத் தள்ளினார்.

திறக்கவில்லை.

இழுத்தார். தள்ளினார். கைப்பிடி சுழன்றது, கதவு அசையவில்லை. கதவில் பதித்த கண்ணாடி வழியே, வராந்தாவில் வாட்ச்மேன் அம்மாவாசை ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பது தெரிந்தது. கண்ணாடியில் ஓங்கித் தட்டினார். அம்மாவாசை நிமிர்ந்தான். எழுந்து வந்தான். கண்ணாடியில் நெற்றியை வைத்து, இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தான். அவர் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவே கண்ணாடிதான்.

"யாருமில்ல" என்றான் அவன், தனக்குத்தானே. "லைட்ட மட்டும் போட்டுட்டுப் போயிட்டாரு மனுஷன்."

சுவிட்ச் வெளியே இருந்தது. அணைத்தான்.

திரையின் பச்சை மட்டும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் நாற்காலிக்குத் திரும்பி, மேஜை மேலிருந்த டெலிபோனைத் தடவி எடுத்தார். வீட்டு எண்ணைச் சுழற்றினார். மணி அடித்தது. எடுத்தார்கள். நாயனச் சத்தம், பாத்திரச் சத்தம், பெண்களின் சிரிப்பு. அதற்கு மேலே அவர் மனைவி அமிர்தவல்லியின் குரல்.

"அலோ?"

"அமிர்தம், நான்தான். மாட்டிக்கிட்டேன். முருகையனை அனுப்பு."

"அலோ? யாரு? சத்தமே வரலியே."

"நான்தாண்டி! என் குரல் கேக்கலயா?"

ரிசீவரை அவள் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும், குரல் தள்ளிப்போனது. "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். யாரோ போன் பண்ணிட்டுப் பேச மாட்டேங்குறாங்க. கடல் எரையிற மாதிரி கேக்குது."

ஏங்க.

அவள் அப்படிக் கூப்பிடுவது ஒருவரைத்தான்.

காலடிகள் வந்தன. நிதானமான காலடிகள். ரிசீவர் கை மாறியது. ஒரு ஆண் தொண்டையைச் செருமினான். சபையில் பேசுவதற்கு முன் சக்கரபாணி செருமுவது போல. இரண்டு தடவை. சின்னதாக.

"யாருங்க?" என்றது அவருடைய குரல்.

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்தினார்.

"சம்பந்தி காத்துட்டிருக்காரு. நல்ல நேரம் போகுது" என்றது அது, யாரிடமோ, மிகுந்த மரியாதையோடு. "அமிர்தம், தட்டை எடுத்துட்டு வா."

ரிசீவரை வைத்துவிட்டது.

இரைச்சல் நின்றது. ஏசி. டிஸ்க். எல்லாம். காது அடைத்துப்போகிற நிசப்தம். அந்த நிசப்தத்துக்குள் மூச்சுகள். ஒன்றல்ல. சுவரோரம். கேபினெட்டுக்குப் பின்னால். மேஜைக்கு அடியில், அவர் முழங்காலுக்கு வெகு அருகில். விடுவிக்கப்பட்டு, நெருக்கியடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பவர்களின் மூச்சுகள்.

திரையும் அணைந்தது.

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இது என் இடம். என் இடம்.

ஈரமான ஒரு தோள் அவர் தோளில் வந்து சாய்ந்தது.

"அண்ணா" என்றாள், காதருகில், கோபமே இல்லாமல். "கொஞ்சம் தள்ளி உக்காரு. இன்னும் ஆளுங்க வருவாங்க."

சக்கரபாணி தள்ளி உட்கார்ந்தார்.